நின்றால் நின்றதுதான்

சூளகிரிப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரு எக்ஸ்ரே இயந்திரம் இருந்தது. ஆள் நுழையும் அளவுக்கு அறை போலப் பெரியது. அலுமினிய வார்ப்புகளுக்குள் ஓட்டை இருந்தால் படமெடுத்துக் காட்டிவிடும். கதவு திறந்தால் கதிர் நிற்கும். மூடினால் தானாகவே மறுபடி பாயும்.

அதற்கு மென்பொருள் எழுத வந்த ஓசூர்ப் பெண் ஹரிணி, அந்தத் ‘தானாக’வைப் பிடுங்கி எறிந்தாள். இனிமேல் கதிர் நின்றால் நின்றதுதான். யாராவது வந்து, உள்ளே பார்த்துவிட்டு, வெளியே உள்ள ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஷிப்டைக் கவனிக்கும் ரத்தினவேல் திருநெல்வேலிக்காரர். அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“என்னம்மா, சும்மா சும்மா நின்னுக்கிடுது? முன்னாடி ஒழுங்காத்தானே ஓடுச்சு?”

“முன்னாடியும் நின்னுது சார். நீங்க பாக்கறதுக்குள்ள தானா ஓடிடுச்சு, அவ்ளோதான். கதவுல இன்னாவோ கோளாறு இருக்குது.”

பகல் முழுக்க இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தாள். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி கடக்கும்போதெல்லாம் தரை அதிர்ந்து, தேய்ந்த கீலில் கதவு மயிரிழை விலகியிருக்கிறது. கீலை மாற்றியதும் வீண் நிறுத்தங்கள் ஓய்ந்தன. கெட்டிக்காரிதான் என்று ரத்தினவேல் மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனவர், கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துப் பழக்கத்தில் தள்ளிச் சாத்தினார். இயந்திரம் ஓடவில்லை. ‘உள்ளே ஆள் இல்லை என்று பார்க்கவும்’ என்று திரை சொன்னது. கை பொத்தானுக்குப் போய்த் தயங்கியது. கதவைத் திறந்தார்.

சரிந்த வார்ப்பை நிமிர்த்தி வைக்க உள்ளே போயிருந்த ஆபரேட்டர் மாதேஸ்வரி நின்றிருந்தாள்.

“யாரு சார் கதவ சாத்துனது?”

அவர் அவளை வெளியே வரச் சொன்னார். நேராக கேன்டீனுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹரிணியிடம் நடந்ததைச் சொன்னார்.

“பழைய மாதிரி இருந்திருந்தா, நானே அந்தப் புள்ளய… ஒரு உசுரக் காப்பாத்திட்டம்மா.”

அவள் சிரிக்கவில்லை. சாதத்தில் இருந்த கை அப்படியே நின்றது.

“நீங்க பாக்காமயே பொத்தான அழுத்தியிருந்தா சார்?”

“அழுத்தத்தான் போனேன்.”

“அப்ப அது என் தப்பு. பொத்தான் வெளிய இருக்கவே கூடாது.”

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனாள். பாராட்டு அவள் காதில் ஏறவேயில்லை என்பது ரத்தினவேலுக்குப் புரிந்தது. இப்படியும் ஒரு பிள்ளையா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

சில நாளில் ரீசெட் பொத்தான் அறைக்குள்ளேயே, கடைசி மூலைக்குப் போனது. அழுத்தியவர் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கதிர் பாயும். அறையை முழுக்க நடந்து பார்க்காமல் இப்போது யாராலும் அதைத் தொட முடியாது.