படிவம் இல்லாத டியூப்

ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் அதே நான்கு கேள்விகளைக் கேட்பது என் வேலை. காலையில் சாப்பிட்டீர்களா, சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா, முடிக்கோ நகத்துக்கோ ஏதாவது சத்து மாத்திரை எடுக்கிறீர்களா. கடைசிக் கேள்விக்கு எல்லோரும் சிரிப்பார்கள். வழுக்கைத் தலைக்காரர்கள் மட்டும் முறைப்பார்கள். அந்த மாத்திரையில் இருக்கும் ஒரு வைட்டமின் எங்கள் லேபின் தைராய்டு மிஷினை ஏமாற்றிவிடும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அதனால் பதிலைப் படிவத்தில் எழுதிய பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பேன்.

எனக்கு இரண்டு வருடமாகப் படபடப்பு. காரணம் கிடையாது. பல் தேய்க்கும்போது வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் வரும். ஏதோ நடக்கப் போகிறது என்று வயிறு சொல்லிக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. முதல் வருடம் அழுதேன். இரண்டாம் வருடம் அழுவதற்கும் சோம்பலாகிவிட்டது. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல நாட்களை ஓட்டினேன்.

என் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். சத்தம் வந்தால் எங்கேயோ ஒரு திருகு கழன்றிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"மிஷின் பக்கத்துலயே உக்காந்திருக்க. ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடேன். ஒண்ணும் இல்லன்னா மனசப் போட்டுக் குழப்பிக்காம இருக்கலாம்ல," என்பார்.

கெட்ட மனிதர் இல்லை. திருகைத் தேடித் தேடி அலுத்துப் போனவர். நான் டெஸ்ட் பண்ணவே இல்லை. நோய் இருந்துவிடுமோ என்ற பயம் அல்ல. இல்லை என்று வந்துவிட்டால், இதெல்லாம் வெறும் நான்தான் என்று ஆகிவிடுமே.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்டுக்கான மருந்து கிட் ஒன்றைப் புதிதாகப் பிரித்தால், நோயாளிகளின் ரத்தத்துக்கு முன்னால் எங்களில் ஒருவர் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்போம். பெயர் கிடையாது, படிவம் கிடையாது, டியூபின்மேல் தேதி மட்டும். வீட்டு டியூப் என்போம். போன செவ்வாய்க்கிழமை என் முறை. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது என்று அர்த்தம். படபடப்பு, கை நடுக்கம், முடி கொட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் பதில். எனக்குச் சந்தோஷம் வந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை, அதுவும் நோய் வந்ததற்கு.

அவருக்கு போன் போட்டேன். யார் வீட்டுச் சமையலறையிலோ இருந்தார்.

"நான் வேற மனசு மனசுன்னு உன்னப் படுத்திட்டேனே," என்றார்.

அன்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார். காய் நறுக்கினார். டிவியை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதும் படபடத்தது, ஆனால் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டரம்மாவிடம் தாளைக் காட்டினேன்.

"படிவம் எங்கம்மா?"

"வீட்டு டியூப் டாக்டர். என்னோடது."

"அப்ப நீயே சொல்லு. முடிக்கு ஏதாவது சாப்பிடுறியா?"

என் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அந்த மாத்திரை இருந்தது. கவலையில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே என்று மூன்று மாதமாகத் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். ஊரையெல்லாம் கேட்டவள் என்னைக் கேட்கவில்லை.

"மூணு நாள் நிறுத்திட்டு மறுபடி குடு," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த மூன்று நாளும் அவர்தான் பாத்திரம் கழுவினார். மாத்திரை விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. மூன்று நாள் கடன் வாங்கிய அன்பு என்று தெரிந்தேதான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை மறுபடி ஓட்டினோம். எல்லா அளவும் சரியான வரம்புக்கு நடுவில் இருந்தது. டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதினார்.

"தைராய்டு இல்ல. அதுக்காகப் படபடப்பு பொய்யாயிடாது. இவங்க மனநல டாக்டர், நல்லாப் பாப்பாங்க. போய்ப் பாரு," என்றார். மடித்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல வந்தது தப்பாம். முடிக்குச் சாப்பிட்ட மாத்திரையால வந்தது. இப்ப எல்லாம் சரியா இருக்கு," என்றேன்.

"அப்பாடா." கத்தியைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. நிஜமாகவே சந்தோஷப்பட்டார், அதுதான் கொடுமை. "அப்ப உனக்கு ஒண்ணுமில்ல." கையைத் துடைத்துக்கொண்டு போய் டிவியைப் போட்டார்.

நான் டிவிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கையை எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்தேன்.

"ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல. தைராய்டு இல்லன்னுதான் சொன்னேன்."

ஓடுகிற மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கவனித்தார். வெங்காய வாசனை வந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"எப்பவும் இப்படித்தான் அடிக்குமா?" என்றார்.

இரண்டு வருடத்தில் இதைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.