உப்பாத கோட்டு

"உப்பித் தெரிஞ்சுதா? நான் தைச்ச கோட்டா?"

"வீடியோவுல நல்லாவே தெரியுது மாஸ்டர். இடது பக்கம் தலையணை வெச்ச மாதிரி."

"மேடம், வேற என்ன வேணா சொல்லுங்க. ரெண்டு கட்டு உள்ள போனாலும் வெளியில ஒரு சுருக்கம் விழாது. நானே வெச்சுப் பார்த்திருக்கேன்!"

சொன்ன பிறகுதான் தையற்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜன்னலோரம் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். லஞ்ச ஒழிப்புத் துறை ஆய்வாளரான அந்தப் பெண்மணி மட்டும் நிதானமாகக் குறிப்பேட்டைத் திறந்தார்.

பாலம் கட்டும் ஒப்பந்தத்துக்கு லஞ்சம் வாங்கி, சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கோட்டுக்குள் செருகிக்கொண்டார் என்பது வழக்கு. தன் கோட்டில் உள்பையே கிடையாது என்று அந்த உறுப்பினர் சாதித்தார். அரை மணி நேரமாகத் தெரியாது, ஞாபகமில்லை என்று வழுக்கிக்கொண்டிருந்த தையற்காரர், தையலைக் குறை சொன்னதும் பிடி கொடுத்துவிட்டார். உண்மையில் அப்படியொரு வீடியோவே இல்லை.

"கட்டுன்னா என்ன கட்டு மாஸ்டர்?"

"கா... காகிதக் கட்டு."

"இனிமே மறைச்சு என்னங்க ஆகப்போகுது?" என்றாள் மனைவி. "அந்தப் படத்தை எடுத்துக் காட்டுங்க. பெருமையடிச்சுக்க ஒரு ஆளாவது கிடைச்சாங்களே."

"நீ சும்மா இரு," என்றபடியே அவர் எழுந்தார்.

கொக்கியில், துணி வெட்டுவதற்கு அளவு வரைந்த பழுப்புக் காகித வெட்டுப்படங்கள் தொங்கின. உள்ளே வைக்கப்போகும் பொருளைக் கண்ணால் பார்க்காமல் அவர் பை வெட்டுவதில்லை. மூக்குக்கண்ணாடியானாலும் சரி, பேனாவானாலும் சரி, காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுவிடுவார். உறுப்பினரின் படத்தில் பென்சிலால் ஒரு நீள்சதுரம் இருந்தது. அதன் பக்கக் கோட்டில், கட்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மேடு கூடத் துல்லியமாகப் பதிந்திருந்தது.

ஆய்வாளர் சற்று நேரம் அதை ஓவியக் கண்காட்சியில் நிற்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு?"

"ஒருத்தர் போட்டதைப் பார்த்து இன்னொருத்தர் வந்தாங்க. மொத்தம் பதினொன்னு."

"எல்லாரும் ஆளுங்கட்சியா?"

"சேச்சே! என் கடையில கட்சி பேதமே பார்க்கிறதில்ல மேடம்."

"அந்தக் கோட்டு இப்போ எங்க?"

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லிப் போன வாரம் வந்த சாம்பல் நிறக் கோட்டு அங்கே சாதுவாகத் தொங்கியது.

"எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோட்டை எங்கிட்ட ஒப்படைச்சிடுங்க மாஸ்டர்."

"போட்டா பதினொரு பேரும் போயிடுவாங்க மேடம். அப்புறம் நான் தலையணை உறைதான் தைக்கணும்."

"போடலைன்னா கோர்ட்டுல அவங்களோட நீங்களும் நிப்பீங்க."

"நிக்கட்டும்," என்றாள் மனைவி. "பன்னிரண்டு பேர்ல இவர் சட்டை மட்டும்தான் கிழிஞ்சிருக்கும்."

மேசைமேல் கைபேசி ஒலித்தது. எப்போதும் கையில் கத்திரி இருப்பதால் ஸ்பீக்கரில் பேசியே பழகியவர். விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது.

"மாஸ்டர், நான்தான்," என்றது உறுப்பினரின் குரல். "இடுப்பு வேலை கிடக்கட்டும். அந்த உள்பையைப் பிரிச்சு எடுத்துட்டு, பையே இருந்ததில்லங்கிற மாதிரி லைனிங்கை மூடிடணும். உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

ஆய்வாளர் உதட்டில் விரலை வைத்தார். மனைவியின் ஊசி துணியில் பாதியிலேயே நின்றது.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க மாஸ்டர், என்ன?"