தொழில்: இல்லை

1
இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல, சுற்றறிக்கையாக வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஒழிப்புக்கான தேசியத் திட்ட அறிக்கையில் நாற்பத்தோராம் பக்கம் காலியாகக் கிடந்தது. ‘பாதிக்கப்பட்ட ஒருவரின் கதை, முந்நூறு சொற்கள், நம்பிக்கையூட்டும்படி.’ அறிக்கையின் தமிழைத் திருத்திக்கொண்டிருந்த என் தலையில் கட்டிவிட்டார்கள்.

2
‘கூரைமேல் இளவெயில் மெல்லப் படர்ந்து...’

(அடித்துவிட்டேன். ஆளைத் தின்கிற கூரைமேல் வெயில் எப்படிப் படர்ந்தால் எனக்கென்ன?)

3
கதைக்கென எனக்குக் கிடைத்தவர், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் தகடு அறுத்தவரின் மனைவி, அறுபத்திரண்டு வயது. புருஷன் போய் ஒன்பது வருடமாகிறது. இருபத்தாறு வருடம், தினமும் அவருடைய காக்கிச் சட்டையைப் பின்வாசலில் நின்று நாலு உதறு உதறிவிட்டுத்தான் ஊறவைப்பார். மாவு மில்காரனைக் கட்டியிருந்தாலும் இதே கூத்துதான் என்று அவரைக் கேலி செய்வாராம். இப்போது அந்தத் தூசி அந்தம்மாவின் நெஞ்சுக்குள் இருக்கிறது. குளியலறைக்குப் போய்வர நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. திட்டத்தின் பட்டியலில் ஏறினால் வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் வரும். ஏறாவிட்டால் வராது.

4
(இங்கே இரக்கமுள்ள டாக்டர் ஒருவரை நுழைக்கப் பார்த்தேன். ஒட்டவில்லை, அனுப்பிவிட்டேன்.)

கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே என்ன தொழில் என்று கேட்டார். அந்தம்மா மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் எங்க வேலைக்குப் போனேன்? வீட்ல சும்மாதான் இருந்தேன்."

அவர் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. பாதிக்கப்பட்டவர் என்றால் தொழிலாளர் என்று திட்டத்திலேயே இருக்கிறதே!

(அடிக்குறிப்பு, ஒளிக்க முடியாதது: வரைவில் ‘தொழிலாளரும் அவர் வீட்டாரும்’ என்றுதான் இருந்தது. வாக்கியம் நீளுகிறதென்று கத்தரித்தவன் நான். நல்ல செறிவு என்று பாராட்டினார்கள். அறிக்கை அச்சுக்குப் போகுமுன்பே திட்டம் அப்படியே ஒப்புதலும் ஆயிற்று.)

5
முடிவு ஒன்று: தவறு தெரியவருகிறது, மெஷின் வருகிறது, அந்தம்மா சிரிக்கிறார். மேலதிகாரிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நாற்பத்தோராம் பக்கத்தில் அச்சாகியிருப்பது இதுதான்.

முடிவு இரண்டு: நான் மேலதிகாரியிடம் உண்மையைப் போட்டு உடைக்கிறேன். (உடைத்தேன். அடுத்த திட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த திட்டம் ஐந்து வருடம் கழித்து. அந்தம்மாவுக்கு டாக்டர் சொல்லியிருப்பது ஒரு வருடம்.)

முடிவு மூன்று: அந்தம்மா என்னை...

6
முடியவில்லை. போன வாரம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்டால் தேவலை என்றும் இருந்தது. அவரோ சுவரைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"உங்கமேல என்ன தம்பி தப்பு? நானே சும்மா இருந்தேன்னுதானே சொன்னேன்."

புதுப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று, ஒன்றைத் தவிர.

தொழில்: ..............................

நீங்களே எழுதுங்கள். எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. என்னிடம் மட்டும் திருத்தக் கொடுக்காதீர்கள்.