வேறொரு பழனியப்பன்

அப்பா பழனியப்பனின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத்துணி நழுவியிருந்தது. சாந்தினி அதை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. நாற்காலிகளில் இருந்தவர்களின் பேச்சு சட்டென்று அடங்கியது. யார் வந்திருக்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

தம்பி ரூபன். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன். கையில் மாலையோடு உள்ளே வந்தான்.

"யாரு நீங்க?" என்றாள் சாந்தினி.

"அக்கா..."

"ஒனக்கு எட்டு வயசுலயே அப்பா செத்துட்டாருன்னு நீதான டிவில சொன்ன? ஒரு மனுசனுக்கு எத்தன தடவ சாவு வரும்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், அரையிறுதிச் சுற்றில் அவன் அதைச் சொன்னபோது நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓட்டு கொட்டியது. செத்துப்போன அப்பா அந்த நேரத்தில் சிலிபினில் இதே வீட்டுக் கூடத்தில், ஜாகா வேலைக்குக் கிளம்பிய காவலாளிச் சீருடையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை இருந்தார். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கொரலு மட்டும் பத்தாது, அழுவுற மாதிரி கதை வேணும்னு டிவிக்காரங்க சொன்னாங்கக்கா," என்றான் ரூபன் தணிந்த குரலில். "நம்ம வீட்டுல என்ன கதை இருந்துச்சு? அப்பா குடிக்கல, அடிக்கல..."

"ஆமாலா, நல்ல மனுசனா இருந்தது அவரு தப்பு." அவள் எழுந்து நின்றாள். "போன வாரம் ஆஸ்பத்திரியில ஊசி போட வந்த மிஸ்ஸி கேட்டுச்சு, 'தாத்தா, பாடகர் ரூபன் ஜாடையா இருக்கீங்களே, சொந்தமா?'ன்னு. என்னா சொன்னாரு தெரியுமா? 'அவங்கப்பா வேற பழனியப்பன்மா. பாவம், செத்துட்டாரு'ன்னாரு. மூச்சு விட முடியல. அப்பயும் ஒன் பொய்யத்தான் காப்பாத்துனாரு."

ரூபன் கையிலிருந்த மாலை தரையைத் தொட்டது.

"பேசுனது போதும்," என்றார் பத்துமலை சித்தப்பா. "எம் மவன் தனேஷ் கொள்ளி வைக்கட்டும். இவரு மொட்ட போடுவாரா? அடுத்த வாரம் டிவில முடிய ஆட்டி ஆட்டிப் பாடணுமே!"

இந்த முறை பலர் சிரித்தார்கள். ரூபன் மாலையை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு வெளியே போய், நாவிதர் முன்னிருந்த பிளாஸ்டிக் முக்காலியில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"எடுங்கண்ணே."

நாவிதர் சித்தப்பாவைப் பார்த்தார்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றார் சித்தப்பா. "பீ மூத்திரம் அள்ளுனது அவதான். அவ சொல்லட்டும்."

எல்லோரும் சாந்தினியைப் பார்த்தார்கள். அதற்குள் வேலியோரம் நாலைந்து கைப்பேசிகள் உயர்ந்துவிட்டன.

"டேய், லைவ் போடுலா! ஸ்டாரு மொட்டயடிக்கிறாரு!"

ரூபன் தலையைக் குனிந்துகொண்டான். வெற்று முதுகில் எலும்பு தெரிந்தது. முகத்தை மூடிக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

இரக்கத்தை ஆண்டவன் எந்த வழியாக அனுப்புகிறான் என்று யாருக்குத் தெரியும்? சாந்தினியின் கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. கால்கள்தான் நடந்தன. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் கைலியை உருவினாள். அதன் தையலைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். இரண்டு கைகளாலும் அகல விரித்து, வேலிக்கும் தம்பிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடுங்கண்ணே," என்றாள் நாவிதரிடம்.

சவரக்கத்தி தலையை வழிக்கும் ஓசை கேட்டது. அவள் தம்பியின் பக்கம் திரும்பவில்லை. கைகள் கடுத்தன. வேலியோரம் ஒருவன் கைப்பேசியை இன்னும் உயரத் தூக்கினான். சாந்தினி குதிகாலை எக்கிக் கைலியை மேலே உயர்த்தினாள்.