சம்பங்கியின் கட்டைக்கால் பெரம்பூர் போன விதம்

பெரம்பூரில் ரயில் நின்றது என்னவோ உண்மைதான். ஆனால் அது நின்ற நேரம் இரண்டு கால் உள்ளவர்கள் இறங்குவதற்கே பற்றாது. சம்பங்கி தன் கட்டைக்காலை வாசலுக்கு வெளியே நீட்டி, படி எங்கே இருக்கிறது என்று அதன் நுனியால் துழாவிக்கொண்டிருந்தபோதே வண்டி நகர்ந்துவிட்டது. அவனை அழைத்துப்போக வந்திருந்த மச்சான் ராஜப்பா, போகிற காலுக்குக் கையை ஆட்டிக்கொண்டே பிளாட்பாரத்தில் சிறுத்துப் புள்ளியானான். அடுத்து வண்டி நிற்கும் இடம் சென்ட்ரல். சம்பங்கி பட்டணத்தைக் கண்ணால் கண்டவனில்லை.

தங்கச் சுரங்கத்தில் கூண்டில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கிப் பாறை குடைந்த ஆள்தான் அவன். அப்போதெல்லாம் பயம் கிடையாது. ஒருநாள் பாறை சரிந்து வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. ஷிப்டுக்குப் போகாதவனுக்குச் சுரங்கக் கம்பெனியின் லைன் வீடு கிடையாது. மாதம் முடிந்தால் ஊரிகத்தில் இருந்த அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். ராஜப்பாவுக்குப் பெரம்பூரில் ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை. அவன் ஒரு துரையைப் பிடித்து, லெவல் கிராஸிங் கேட்டைத் திறந்து மூடும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். கூடவே ஒரு வீடும் உண்டு. துரை போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அன்றைக்கு மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் ஆள் வரவேண்டும், கதவிலிருந்து மேஜைவரை யாரும் பிடிக்காமல் தானாக நடந்துவர வேண்டும்.

நடப்பதற்குக் கட்டைக்கால் இருந்தது. சுரங்கத்துத் தச்சன் கோவிந்தன், பாறை சரியாமல் முட்டுக்கொடுக்கும் தாங்கு மரத்தில் மிச்சமான துண்டில் செதுக்கியது. கனம் குறையட்டும் என்று உள்ளே குடைந்து, மேலே ஆப்பு அடித்து அடைத்திருந்தான். அடைக்கும்போது எதுவோ உள்ளே மாட்டிக்கொண்டது. அடி வைக்கும்போதெல்லாம் கலக், கலக் என்று சத்தம். எடுக்கச் சொன்னால், “ஆப்ப எடுத்தா கால் பொளந்துடும், வுடு மாமா” என்றுவிட்டான்.

வினை ரயிலிலேயே தொடங்கியது. பக்கத்து லைன் வெங்கடம்மா ஆம்பூரில் இறங்க வேண்டியவள். சும்மா இறங்கியிருக்கலாம்.

“இன்னா சம்பங்கி, காலுக்குள்ள இன்னா போட்டு வச்சிக்கீறே? தங்கம் வெட்ற ஊர்லேர்ந்து வர்ற காலாச்சே.”

“அரைப்படி கீதுக்கா” என்றான் சம்பங்கி.

பெட்டி முழுக்கச் சிரித்தது, எதிர்ப் பலகையில் இருந்த இரண்டு பேர் தவிர. ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. அரக்கோணம் வந்ததும் இறங்கத் தயாராக மூட்டையைத் தூக்கிய அந்த இருவரும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மூட்டையை இறக்கி வைத்தார்கள்.

சென்ட்ரலுக்கு வெளியே வந்த சம்பங்கி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி, தலைமேல் கம்பு வைத்துக்கொண்டு, கம்பியை உரசிப் பொறி பறக்க வந்தது. சுரங்கத்தில் பொறியைக் கண்டால் ஓட வேண்டும். இங்கே டிராம், டிராம் என்று அதில் ஏற ஓடினார்கள். தெருவில் கட்டைக்காலை ஒரு முறை எடுத்து வைத்தான். ஜட்கா சக்கரம் அதை உரசிக்கொண்டு போனது. இன்னொரு முறை வைத்தான். மூட்டை தூக்குகிறவன் ஒருவன் அதில் தடுக்கி விழுந்து, எழுந்து, அவன் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போது இரண்டு பக்கமும் அக்குளில் கை விழுந்தது.

“எங்கண்ணே போவணும்?” என்றான் நெட்டையன்.

“பெரம்பூரு.”

“நாங்களும் அங்கதான். வாங்க.”

கால் தரையில் படாமலே தெருவைத் தாண்டிவிட்டான். நல்ல மனுஷர்கள் என்று நினைக்கும்போதே பெரிய தெரு சின்னத் தெருவாகி, சின்னத் தெரு சந்தாகி, சந்து ஒரு கிடங்குச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. நெட்டையன் கையில் கத்தி இருந்தது.

“கால கழட்டு.”

“அதுல ஒண்ணுமில்ல தம்பி.”

“அரைப்படின்னியே.”

“சும்மா சொன்னது.”

“சும்மாவா கலகலங்குது?” என்ற குட்டையன் ஒரு கருங்கல்லைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். உடைத்தே பார்த்துவிடும் உத்தேசம்.

சம்பங்கி கட்டைக்காலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கால் உடைந்தால் துரையின் மேஜைக்குத் தவழ்ந்துதான் போகவேண்டும். வேலை போகும், வீடு போகும். ஓடவும் முடியாது, கத்தினால் கேட்பாரும் இல்லை. கல் மேலே போனதும் அவன் உடம்பு தானாகவே ஒரு காரியம் செய்தது. வெடி வைக்கும்போது பாதாளத்தில் செய்வதுபோல், இரண்டு காதிலும் விரலை விட்டு, கண்ணை இறுக்கி மூடி, வாயை அகலத் திறந்தான்.

கல் அந்தரத்தில் நின்றது.

“எதுக்குக் காத மூடறே?”

“அடி தம்பி. தாராளமா அடி. நான் பழகினவன். நீங்களும் மூடிக்கினா நல்லது.”

“இன்னா கீது உள்ள?”

“டைனமைட்டு. திருடன் தொட்டா வெடிக்கணும்னு தச்சன் ரெண்டு குச்சி வச்சு, கேப்பும் போட்டு அடச்சிக்கீறான். நீங்க தேடறது அதுக்கு அடில. தொறக்கிற வித்தை என் மச்சான் ஒருத்தனுக்குத்தான் தெரியும். பெரம்பூர் ஒர்க் ஷாப்புல கீறான்.”

குட்டையன் கொஞ்சம் விவரமானவன். “அப்ப நடக்கும்போது ஏன் வெடிக்கல?”

“என் பதம் வேற. நானு பூமிக்கு வலிக்காம வைப்பேன். நீங்க ஆட்டினா நான் பொறுப்பில்ல.”

குட்டையன் கல்லை, முட்டையை வைப்பதுபோல் கீழே வைத்தான்.

அப்புறம் நடந்ததுதான் பட்டணத்தில் யாருக்கும் கிடைக்காத சவாரி. நெட்டையன் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டான். குட்டையன் கட்டைக்காலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மூச்சை அடக்கிப் பின்னால் வந்தான். “வழி வுடு, வழி வுடு, ஆட்டாதே” என்று அவர்கள் கத்திய கத்தலில் ஜட்காக்கள் ஒதுங்கின, கம்பு வைத்த வண்டி மணியடிக்காமல் நின்றது, போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தை விலக்கினார். யாரோ சாமியார் போகிறார் என்று பெண்கள் வந்து கட்டைக்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் மூன்று பேருக்கும் உயிர் போய் வந்தது.

ஆமாம், மூன்று பேருக்கும்தான். நெட்டையன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த சம்பங்கிக்கு ஓட்டேரிப் பக்கம் வரும்போது ஒரு யோசனை வந்தது. டைனமைட்டை வெடிக்கவைக்கும் கேப் என்பது சுண்டு விரலில் பாதி இருக்கும் செம்புக் குழாய். அதற்குப் பெட்டி செய்து கொடுக்கிறவன் கோவிந்தன். அவன் பெஞ்சின்மேல் எந்நேரமும் ஒன்றிரண்டு உருண்டுகொண்டிருக்கும். காலுக்குள் கலகலப்பதும் அந்த அளவுப் பொருள்தான். ஆப்பை எடுக்காதே என்று கோவிந்தன் ஏன் அத்தனை அவசரமாகச் சொன்னான்?

இத்தனை காலம் இதை வைத்துக்கொண்டா மாடிப்படி ஏறினோம், தெருநாயை உதைத்தோம்?

“தம்பி, மெதுவா” என்றான். இந்தத் தடவை குரலில் பொய் இல்லை. அது, கேட்ட இருவருக்கும் நன்றாக விளங்கியது. நெட்டையனின் முதுகு நனைந்துவிட்டது.

ஒர்க் ஷாப் வாசலுக்கு வந்த நேரம் உள்ளே நீராவிச் சம்மட்டி விழுந்தது. தொம் என்று பூமி அதிர்ந்தது. குட்டையன் காலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். நெட்டையன் மரியாதைக்காரன். சம்பங்கியைப் பதனமாகத் தரையில் படுக்கவைத்து, ஒரு கும்பிடும் போட்டுவிட்டு ஓடினான்.

ராஜப்பா வெளியே ஓடிவந்தான். “இன்னா மாமா இங்க படுத்துனு கீறே? எழுந்துரு, சங்கு ஊதப் போவுது.”

“மச்சான், என்னால நடக்க முடியாது.”

“வலிக்குதா?”

வாசலில் காவல்காரன் நின்றுகொண்டிருந்தான். காலுக்குள் வெடி என்று சொன்னால் வேலைக்குப் பதில் ஜெயில். சம்பங்கி வாயை மூடிக்கொண்டு எழுந்தான்.

துரையின் அறைக்குக் கல் தரை. கதவிலிருந்து மேஜை நாலு ஊர் தள்ளி இருப்பதுபோல் தெரிந்தது. சம்மட்டி மறுபடி விழுந்தது. உள்ளே கலக் என்றது. சம்பங்கி ஊரிகத்து வீட்டை நினைத்தான், பெண்டாட்டியை நினைத்தான், கட்டைக்காலை எடுத்தான். தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் தலையணை வைப்பதுபோல் வைத்தான். நின்றான். வெடிக்கவில்லை. மறுபடி எடுத்தான். வேர்வை தாடையில் சொட்டியது. எழுதிக்கொண்டிருந்த துரை பேனாவை நிறுத்திவிட்டார். மேஜையின் ஓரம் கைக்கு எட்டியதும்தான் சம்பங்கி மூச்சு விட்டான். வெளியே சங்கு ஊதியது. அவன் ஒரு முழம் துள்ளி, காற்றிலேயே யோசித்து, நல்ல காலில் இறங்கினான்.

துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ராஜப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “இவ்ளோ ஜாக்கிரதையான ஆள நான் பாத்ததே இல்ல, கேட்டுக்கு இவன்தான் வேணும்ங்கிறாரு மாமா.”

வேலையும் கிடைத்தது, தண்டவாளத்தை ஒட்டி வீடும் கிடைத்தது. ஒவ்வொரு ரயில் போகும்போதும் தரை அதிரும். ஒவ்வொரு ரயிலுக்கும் சம்பங்கி ஒரு கையில் கொடியும் மறு கையில் தூக்கிய கட்டைக்காலுமாக, கண்ணை மூடி நிற்பான். புதுமாதிரி சலாம் என்று டிரைவர்கள் பதிலுக்கு ஊதுவார்கள். அது இன்னும் மோசம்.

அடுத்த பொங்கலுக்குக் கோவிந்தன் வந்திருந்தான். சாப்பாடு முடிந்ததும் சம்பங்கி மெதுவாகக் கேட்டான். “உள்ள இன்னாதான் வச்சே?”

கோவிந்தன் கட்டைக்காலைத் தொடாமலே குனிந்து பார்த்தான்.

“நான் ஒண்ணும் வைக்கல மாமா. ஆனா அன்னிக்கி பெஞ்சு மேல இருந்த கேப்புல ஒண்ணு காணாமத்தான் போச்சு.”

சொல்லிவிட்டு அவன் எழுந்தான். பாயைச் சுருட்டிக்கொண்டு போய், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டான்.