இன்னும் கொஞ்சம் இளஞ்சூடு

அடுப்பைக் குறைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவே அவளுக்கு இளஞ்சூட்டக்கா என்று பேர் வைத்திருந்தது. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள், உள்ளுக்குள் பெருமைதான். மாட்டுக் கொழுப்பை உருக்கித் தோலுக்குப் பூசும் களிம்பு செய்கிறவளுக்கு இதைவிட நல்ல பேர் யார் வைக்கப் போகிறார்கள்?

அவள் அந்தத் தொழிலுக்கு வந்ததே மகளால்தான். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே தோல் சரியில்லை. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வறண்டு வெடித்து, சொறிந்தால் ரத்தம் கசியும். கடையில் விற்கிற எதைப் பூசினாலும் "எரியுது, எரியுது" என்று பிள்ளை வீட்டையே இரண்டாக்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று கறிக்கடையிலிருந்து கொழுப்பு வாங்கி வந்து, பயந்து பயந்து உருக்கிப் பூசிப் பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, பதினைந்தே நாளில் வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. பிள்ளை முதல்முறையாக அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. வாசலில் நின்று அதைப் பார்த்து அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை.

அப்போது அவள் வேலை செய்த விதமே வேறு. சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவாள். சவ்வையும் சிவப்புத் துணுக்கையும் சுரண்டி எடுத்து, பொடியாக நறுக்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி, பகல் முழுக்க உருக விடுவாள். தீ நேராகப் பட்டால் கொழுப்பு மஞ்சளடித்து வறுத்த வாடை வந்துவிடும் என்பதால் எண்பது டிகிரியைத் தாண்ட விடமாட்டாள். நெருக்கமான துணியில் வடிகட்டி, உப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, உறைந்ததும் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டி எறிவாள். கடைசியாக ஒரு வேலை உண்டு. துணுக்கெல்லாம் போய்விட்டதால் பயமில்லாமல் நேராக அடுப்பில் வைத்து மறுபடி உருக்கி, சூட்டை நூறுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, குமிழி அடங்கும் வரை நிற்பாள். குமிழி வருகிற வரைக்கும் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அது அடங்கிய பிறகு ஆற வைத்துக் கடைந்து டப்பாவில் அடைத்தால், மாசக்கணக்கில் வெள்ளை வெளேரென்று இருக்கும். மோந்து பார்த்தால் ஒரு வாடையும் இருக்காது.

நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் போனில் பேச்சு நீண்டுபோய், வெளிப் பாத்திரத்தில் தண்ணீர் வற்றி, கொழுப்பு லேசாக மஞ்சளடித்துவிட்டது. வீணாக்க மனசில்லாமல் வீட்டுக்கு என்று எடுத்து வைத்தாள். அந்த வாரம் பார்த்து வறட்டுக் காற்று. தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் உதடு வெடித்துக் கிடந்தது. மகளும் வந்து, "அம்மா, லேசா அரிக்குது" என்றாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"சூடுதான் காரணம்" என்றாள் கணவனிடம். "சூடு ஏறினா கொழுப்புல இருக்கிற நல்லதெல்லாம் செத்துப் போயிடுதுங்க. நான்தான் அஜாக்கிரதையா இருந்துட்டேன்."

கணவன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன். இரண்டு நாள் வண்டியில், ஒருநாள் வீட்டில் என்பது அவன் கணக்கு. "காத்து அடிக்குதும்மா, எனக்கே கை வெடிச்சிருக்கு" என்று கையைக் காட்டினான். அவள் அந்தக் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எண்பது டிகிரி எழுபது ஆயிற்று. மகள், "இப்பவும் அரிக்குதும்மா, கொஞ்சம் எரியுது" என்றாள். எழுபது அறுபது ஆயிற்று. அந்தக் கடைசி வேலையையும் அன்றோடு நிறுத்தினாள். நாள் பூரா பொத்திப் பொத்தி உருக்கிவிட்டு, கடைசியில் நூறு டிகிரிக்குக் கொண்டுபோய் நிறுத்துவதா? நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது. குமிழி அடங்கினால் என்ன, அடங்காவிட்டால் என்ன என்று இறக்கி வைத்துவிட்டாள். நல்ல மனசுதான். நல்ல மனசோடு செய்கிற தப்பை யார் தடுக்க முடியும், சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு மகள் குறை சொல்லவில்லை. பூசிவிட்டு, "எப்படிடா இருக்கு?" என்று கேட்டால், "குளுகுளுன்னு இருக்கும்மா" என்பாள். தாய்க்கு மனசு நிறைந்துவிடும். பிள்ளை மறுபடி முழுக்கைச் சட்டைக்கு மாறியதை அவள் பார்க்காமல் இல்லை. குளிருகிறது என்றாள், சரி என்று விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டும்போதுதான் முழங்கை மடிப்பைப் பார்த்தாள். சிவந்து, ஓரமெல்லாம் ஈரமாக, மஞ்சளாக ஏதோ பொருக்குத் தட்டிக் கிடந்தது.

"என்னடா இது? எரியுதா?"

"இல்லம்மா."

"நிஜமா?"

"நிஜமாத்தாம்மா. குளுகுளுன்னுதான் இருக்கு."

அன்றைக்கே ஐம்பதுக்கு இறக்கினாள். ஐம்பதில் கொழுப்பு எங்கே உருகும்? தூங்கி வழிந்துகொண்டு, பாதி கட்டியும் பாதி குழம்புமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெதுவெதுவென்று கிடந்தது. வடிகட்டினால் துணி அடைத்துக்கொண்டது. ஏன் அடைக்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டாமா மனுஷி? துணியைத்தான் மாற்றினாள், இன்னும் இழை விலகிய துணியாக. சக்கையில் பாதி அதன் வழியே களிம்புக்குள் போயிற்று. உறைந்தபோது பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே மயங்கினாள்.

கறிக்கடைக்காரர் முப்பது வருஷமாகக் கத்தி பிடித்தவர். வாய்த்துடுக்கு உண்டே தவிர மனசு நல்லது. "ஊர்ல அவனவன் கொழுப்பு ஏறிப் போச்சுன்னு டாக்டர்கிட்ட ஓடுறான். நீ ஒருத்திதான் கொழுப்பு குடுங்கன்னு வந்து நிக்கிற" என்று எப்போதும் போலச் சீண்டினார். பிறகு பொட்டலத்தைக் கட்டியபடியே, "எத்தனை டிகிரில உருக்குற தங்கச்சி இப்ப?" என்றார்.

"அம்பது, அண்ணே."

அவர் கட்டுவதை நிறுத்தினார். "அது உருக்குறதா, அடைகாக்குறதா? அந்தச் சூட்டுல கறித்துணுக்கு ஒரு பகல் கிடந்தா என்ன ஆகும்னு என்னைக் கேளு, நான் சொல்றேன். தண்ணி நின்ன கொழுப்பு உள்ளுக்குள்ளயே கெட்டுப் போகும்மா. வெளியில தெரியாது."

"எரியிற தோலுக்குப் பூசுறது அண்ணே. நீங்க கறியைப் பத்திப் பேசுறீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. வீடு வரும் வழியெல்லாம் அவளுக்கு அவர்மேல் கோபம்தான்.

பிறகு தையல்காரம்மா வந்தாள். இரண்டு வீடு தள்ளியிருப்பவள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரலுக்கு இவள் களிம்புதான் பூசுவாள். டப்பாவை மேஜையில் வைத்து மூடியைத் திறந்து காட்டினாள். மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். களிம்பின் ஓரத்தில் கறுப்பாக மூன்று புள்ளி.

"இது என்னன்னு பாரு. எனக்கு மனசுக்குச் சரியாப் படல."

"ஈரக் கையால எடுத்திருப்பீங்க அக்கா."

"துணி தைக்கிறவ நான். ஈரக் கையோட எதைத் தொடுவேன்?" தையல்காரம்மா எழுந்துவிட்டாள். "உன் பொண்ணுக்கும் இதைத்தானே பூசுற? பாத்துக்கோ."

இவள் வேறு டப்பா கொடுத்தாள். தையல்காரம்மா வேண்டாம் என்று போய்விட்டாள். திருப்பிக் கொடுத்த டப்பாவை அவள் குப்பையில் போட்டாள். போடுவதற்கு முன் அந்தப் புள்ளிகளை ஒருமுறை உற்றுப் பார்த்தாள் என்பது உண்மை. ஆனால் பார்த்த கையோடு அடுப்பை இன்னும் ஒரு சுற்றுக் குறைத்தாளே, அதை என்னவென்று சொல்ல!

அடுத்த முறை கணவன் வண்டியிலிருந்து இறங்கி வந்தவன், செருப்பைக் கழற்றவில்லை. வாசல்படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தான்.

"வீட்டுக்குள்ள எதுவோ செத்துக் கிடக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எலிதான். அலமாரிக்குப் பின்னால பாப்போம், வா."

இருவருமாக அலமாரியை நகர்த்தினார்கள். கட்டிலை நகர்த்தினார்கள். பரணிலிருந்த பழைய பெட்டியெல்லாம் இறங்கியது. அவளும் முந்தானையைச் செருகிக்கொண்டு மும்முரமாகத் தேடினாள். எலியும் இல்லை, எலியின் வாலும் இல்லை. மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் வியர்வையைத் துடைத்தபடி பிள்ளையைக் கிட்டே இழுத்து உச்சந்தலையில் முத்தம் வைக்கப் போனவன், அப்படியே நின்றுவிட்டான். மெதுவாகக் குனிந்து, அவள் கழுத்தை மோந்தான், கையை மோந்தான்.

"ஏம்மா," என்றான் மனைவியைப் பார்த்து. குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இவகிட்ட இருந்துதான் வருது."

"என்னங்க பேச்சு இது, பெத்த பிள்ளையைப் போய்!" என்று பாய்ந்தாள் அவள். பிள்ளையை அவனிடமிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய கைக்கு அந்தச் சின்ன உடம்பு அனலாகக் கொதித்தது.

முழுக்கைச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. முழங்கையில் துணி தோலோடு ஒட்டிப்போயிருந்தது. தகப்பன் கத்தரிக்கோலால் சட்டையின் கைப்பகுதியை வெட்டி எடுத்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவள் பின்னால் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். சின்ன வயசு, சலிப்பில்லாத முகம். புண்ணைப் பார்த்ததும் அந்த முகம் மாறியது. நர்சை அழைத்து ரத்தம் எடுக்கச் சொன்னாள், ஊசி போடச் சொன்னாள்.

"என்ன பூசினீங்க?"

"எதுவும் இல்லை டாக்டர். எங்க வீட்டுக் களிம்புதான். சுத்தமானது. சூடே படாம நானே செஞ்சது."

"சூடே படாமலா?" டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வெடிச்ச தோல்ல கெட்டுப்போன கொழுப்பைத் தடவியிருக்கீங்க. அதுல இருந்த கிருமி வெடிப்பு வழியா உள்ள இறங்கியிருக்கு. ரத்தத்துலயும் கலந்திருக்குமோன்னு பயமா இருக்கு. ரிப்போர்ட் வரட்டும், அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

இவள் கட்டிலருகே போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொடக் கையை நீட்டினாள்.

"அம்மா, கையைக் கழுவிட்டுத் தொடுங்க" என்றாள் நர்ஸ். கடுமையாகச் சொல்லவில்லை. எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னாள்.

மூலையிலிருந்த குழாயடிக்குப் போனாள். காலையில் கொழுப்பைக் கிளறிய கை, பிசுக்கு விடவில்லை. சோப்பைத் தேய்த்தாள், அலசினாள், மறுபடி தேய்த்தாள். மருந்து வாடையும் சோப்பு வாடையும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த அறையில், தன் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். மாசக்கணக்கில் அந்த நாற்றத்துக்குள்ளேயே குளித்து, சமைத்து, தூங்கி எழுந்த மூக்குக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். இந்தக் கையாலா தடவினேன், ஐயோ, இந்தக் கையாலா தடவினேன் என்று உள்ளே ஒரே ஓலம்.

திரும்பி வந்து கட்டிலருகே மண்டியிட்டாள். கழுவிய கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனாலும் தொடத் துணிவு வரவில்லை. பிள்ளை கண்ணைப் பாதி திறந்து பார்த்தது. உதடு காய்ந்து கிடந்தது.

"எரிஞ்சுச்சாடா?"

பிள்ளை முதலில் தகப்பனைப் பார்த்தது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். பிறகு அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தது.

"எப்ப இருந்து?"

"நீ சூட்டைக் குறைச்சதுல இருந்தும்மா."

"இத்தனை நாளா?" "என் கண்ணு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அம்மாகிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னேனேம்மா, ரெண்டு தடவை." பிள்ளை மூச்சு வாங்கியது. "ஒவ்வொரு தடவை சொன்னப்பவும் நீ இன்னும் குறைச்ச. இன்னும் எரிஞ்சுச்சு. அதான் சொல்லல."