சந்நிதியில் மட்டும் சுகம்

நாகலிங்கத்துக்கு நெல்லியடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. 1991 தொடக்கத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. பொழுதுபட்டால் காய்ச்சல், மூச்சு இளைப்பு. சளியைச் சோதித்தவர்கள் சயரோகம் இல்லை என்றார்கள். மருந்துக்கும் கேட்கவில்லை. தீராத வருத்தக்காரர் செய்வதுபோல அவரும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய், மடத்தில் அன்னதானச் சோறு தின்று கிடந்தார். மூன்று கிழமையில் இருமல் நின்றது. வீடு திரும்பி வேலைக்குப் போன அன்றே பின்னேரம் காய்ச்சல். மறுபடியும் சந்நிதி, மறுபடியும் சுகம்.

அவருடைய தமக்கை இரத்தினம்மா, மனைவி கமலாவதியிடம் நேரே சொன்னாள்: "முருகன்ரை முற்றத்திலை நல்லாய்த்தான் இருக்கிறான். உன்ரை படலையைத் திறந்தாக் காய்ச்சல். இதுக்குப் பிறகும் சாத்திரம் கேக்க வேணுமோ?"

கமலாவதியும் அதை அரைவாசி நம்பினாள். வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளில் போய், மடத்து வாசலில் அவரோடு ஒரு மணித்தியாலம் இருப்பாள். கை தொடும் தூரம்தான், தொடமாட்டாள். கிணற்றடி வாழை குலை போட்டதா, அறைக்கதவு இன்னும் கிறீச்சிடுகிறதா என்று அவர் விசாரிப்பார். தேறி வரும் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சந்தோசம், முருகன்மேல் பொறாமை.

புரட்டாதியில் டீசல் இல்லாமல் பட்டறை பூட்டிக் கிடந்தபோது, பொறுக்கமாட்டாமல் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் பயந்து பயந்து நாட்களை எண்ணினாள். ஒன்பது நாள். ஓர் இருமல் இல்லை. பத்தாம் நாள் டீசல் கிடைத்துப் பட்டறை திறந்தது. அன்று பின்னேரம் அவர் நடுங்கிக்கொண்டு படுத்தார்.

காலையில் அவள் பட்டறைக்குப் போனாள். இரும்பு கடையும்போது சூடு ஆறப் பீச்சும் பால்நிற எண்ணெய்த் தண்ணீர், லேத்துக்கு அடியிலிருந்த தொட்டியில் கூழ்முட்டை மணத்தோடு கிடந்தது. யுத்தத்தால் எண்ணெய் கொண்டுவரத் தடை, ஒன்றரை வருடமாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியே நிரப்புவதாக முதலாளி கனகரத்தினம் மறைக்காமல் சொன்னார். அவள் ஒரு போத்தலில் அதை எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டி டாக்குத்தரிடம் போனாள்.

டாக்குத்தர் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, உடனே மூடினார். பழுதான தண்ணீரில் கிருமிகள் பெருகும், லேத் சுற்றும்போது அது பனிப்புகார்போல எழுந்து நெஞ்சுக்குள் போகிறது என்றார். இனி அந்த லேத்தடிக்குப் போகவே கூடாது.

பதினெட்டு வருடத் தொழில். நாகலிங்கம் கேட்டார்:

"அப்ப நான் வீட்டிலை இருக்கலாமோ, ஐயா?"

டாக்குத்தருக்குக் கேள்வி விளங்கவில்லை. "வீட்டிலை இல்லாமல் வேறை எங்கை இருக்கப்போறீர்?"

மூன்று நாள் கழித்து, காய்ச்சல் விட்டதும், இருவரும் மடத்தில் கிடந்த அவருடைய பாயையும் இரண்டு வேட்டிகளையும் எடுத்துவரப் போனார்கள். திரும்பும்போது பாயை மடியில் வைத்து அவர் பின்னால் இருந்தார். சைக்கிளை அவள்தான் மிதித்தாள்.